எனக்குத் தம்பி இல்லை, மகனே

மகனே,

வீட்டில் இருந்து எழுத உன் அம்மா விடவில்லை. பேனாவைக் கண்டாலே அழத் தொடங்குகிறாள். அதனால் காலையில் சார்செல்லில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, எங்கள் சனத்தின் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு நடந்து வந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள தேநீர்க் கடையின் பின்மேசையில் இருந்து எழுதுகிறேன். கடைக் கண்ணாடியில் உன் முகம் ஒட்டியிருக்கிறது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை உன் நாடகம் பாரிசுக்கு வருகிறது என்று அதில் தமிழிலும் பிரெஞ்சிலும் போட்டிருக்கிறார்கள். உள்ளே வருகிறவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். கடை முதலாளி தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். “அண்ணை, நாடகம் முடிய உங்களை மேடையிலை ஏத்தி ஒரு பொன்னாடை போர்த்துறதா முடிவெடுத்திருக்கிறம். மாட்டன் எண்டு சொல்லப்படாது. நீங்கள் பட்ட பாட்டுக்கு இதுகூடச் செய்யாட்டி நாங்கள் என்ன தமிழர்?” என்றார். நான் சிரித்தேன். இந்த வயதில் எனக்கு ஒழுங்காக வருகிற ஒரே வேலை அதுதான்.

தொலைபேசியில் சொல்ல மூன்று தரம் முயன்றேன். இரண்டு தரம் “அத்தோன், பப்பா” என்று என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு யாரோடோ ஒத்திகை பற்றிக் கதைக்கப் போய்விட்டாய். மூன்றாம் தரம் நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். நான்தான் அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனவே இந்தக் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழால் நீ இதை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். தயவு செய்து போனில் படம் பிடித்துப் பிரெஞ்சுக்கு மாற்றி வாசிக்காதே. மெதுவாக வாசி. நான் இதை மெதுவாகத்தான் செய்தேன், இருபத்தைந்து வருடமாக.

உனக்குச் சித்தப்பா என்று ஒருவர் இருந்ததே இல்லை. நான் இரண்டு அக்காமாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. சுற்றிவளைப்பில் பிடிபட்ட தம்பி, ‘இவனை உனக்குத் தெரியுமா’ என்று ராணுவக்காரன் கேட்டபோது பயத்தில் ‘தெரியாது’ என்று சொன்ன அண்ணன், மூன்றாம் நாள் பற்றைக்குள் கிடந்த தம்பியின் சவம். நீ மூன்று மொழியில் நடிக்கிற அந்தக் கதையில் ஒரு வரிகூட எனக்கு நடந்ததில்லை. பிடிபட்டதும் தெரியாது என்று சொன்னதும் இன்னொருவனுக்கு நடந்தவை. சவம் கிடைத்தது யாருக்கும் நடக்கவில்லை. அதை நான் சேர்த்தேன்.

இவ்வளவு காலம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் இப்போது ஏன் வாயைத் திறக்கிறான் என்று கேட்பாய். போன ஞாயிறு ரொறொன்ரோவில் இருந்து நீ எடுத்த அந்த அழைப்புத்தான் காரணம். எவ்வளவு சந்தோசமாக இருந்தாய். “அப்பா, முன் வரிசையிலை ஒரு வயசான ஆள் இருந்தவர். முடிய என்னட்டை வந்து, தம்பியின்ரை சட்டை நீலமில்லை, மஞ்சள் எண்டு சொல்லுறார். பாருங்கோ, சனம் எங்கடை கதையைத் தங்கடை கதை மாதிரி எடுக்குதுகள்!” என்று சிரித்தாய். நாடகம் முழுக்க மேடையில் நீ சோறும் கறியும் சமைத்து, கடைசியில் சித்தப்பாவுக்குப் படைத்து, அந்தச் சோற்றை ஒவ்வொரு பிடியாகச் சபைக்குக் கொடுப்பாயே, அந்தச் சோற்றைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம். பிறகு கேட்டாராம், “தம்பி, சவத்தை உங்கடை அப்பா தன்ரை கண்ணாலை கண்டவரோ?” என்று. நீ சொன்னாயாம், “ஓம், தன்ரை கையாலை தூக்கினவர்.” அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாராம். “அதுக்குப் பிறகுதான் அப்பா அந்தச் சோத்தைச் சாப்பிட்டவர். அழுதழுது சாப்பிட்டவர். பேர் குணம் எண்டவர். மொன்றியலுக்கும் வாறன், ஒரு இடம் வைச்சிருங்கோ எண்டு நம்பர் தந்தவர்.”

லைன் சரியில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். லைனுக்கு ஒன்றும் இல்லை.

குணத்தை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பிறந்ததில் இருந்து ஐந்து வயது வரை சார்செல்லில் அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஒரு அறையிலும் அவன் மற்ற அறையிலும் இருந்தோம். என்னைவிட நாலைந்து வயது இளையவன். இரண்டு பேரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். உனக்குச் சைக்கிள் பழக்கியது நான் என்று நீ எங்கோ பேட்டியில் சொல்லியிருந்தாய். அதுவும் நான் இல்லை, அவன்தான். ஒரு ஞாயிறு பின்னேரம் உன் அம்மா கோழிக்கறி பரிமாறும்போது சும்மா கேட்டாள், “தம்பி, உங்களுக்குக் கூடப் பிறந்தவை ஒருத்தரும் இல்லையோ?” அவன் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னான். ராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுக்க வந்த, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் ஊராரை வரிசையாக நிறுத்திப் பார்த்து அவன் தம்பிக்கு நேரே தலையை ஆட்டியது, பக்கத்தில் நின்ற இவனைக் கேட்டபோது தெரியாது என்றது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். “அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவன், அக்கா. என்னைக் காட்டிக்குடுக்காமல் போனவன்.” அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இதை ஏன் உன் அகதிக் கேஸில் எழுதவில்லை என்று கேட்டேன். எனக்கு மூளை அந்தப் பக்கம்தான் போயிற்று. “அவனை வைச்சு நான் வதிவிடக் கார்ட் எடுக்க மாட்டன் அண்ணை. அவன் ஒருநாள் வருவான். வந்து கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?” என்றான். தம்பிக்கு அவன் திவசம் செய்ததில்லை. காணாமல் போனவனுக்குத் திவசம் செய்வது அவனை நாமே கொல்வது மாதிரி என்று எங்கள் சனம் நினைக்கும். உனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு ‘ஓம்’ சொல்ல ஒரு கணமாவது யோசித்திருப்பாய்.

அந்தக் காலத்தில் என் அகதிக் கேஸ் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு விழுந்துவிட்டது. மூன்றாம் தரம் திறப்பதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்றார்கள். இங்கே லா சப்பலில் பிரெஞ்சில் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். என் உண்மைக் கதையைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். “உங்கடை கதையிலை ஒண்டும் இல்லையே அண்ணை. பயந்தன், பயந்தன் எண்டால் அங்கை ஆர் பயப்படேல்லை?” என்றார். எழும்பிக் கதவடிவரை போய்விட்ட எனக்கு, இன்னும் கொஞ்ச நாளில் உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்து குணத்தின் தம்பியைச் சொன்னேன். அவன் பாவிக்காத கதைதானே, கிடந்து என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. சட்டை என்ன நிறம் என்று கேட்டார். குணம் சொல்லியிருந்தான், நான் கவனிக்கவில்லை. நீலம் என்றேன். எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில் நிறுத்தினார். “காணாமல் போனான் எண்டால் கதை முடிவில்லாமல் நிக்குது. பலமில்லை. சவம் கிடைச்சது எண்டு போடுவமோ?” நான் ‘ஓம்’ என்றேன். அவ்வளவு லேசாகச் சொன்னேன், தேநீருக்குச் சீனி போடவா என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி.

எழுதி முடிய அவர் ஒரு புத்தி சொன்னார். “வீட்டிலையும் இதையே கதையுங்கோ. சின்னப்பிள்ளை இருக்கெல்லோ, பள்ளிக்கூடத்திலை வேறை ஏதும் உளறினால் எல்லாம் முடிஞ்சுது.” அதனால் குணம் வேலைக்குப் போன நேரம் பார்த்து நாங்கள் குசினியில் ஒத்திகை பார்த்தோம். உன் அம்மா அகப்பையைப் பிடித்துக்கொண்டு நீதிபதியாக இருப்பாள். “தம்பியின்ரை பேர் என்ன? எத்தினையாம் திகதி? சவத்தை ஆர் தூக்கினது?” என்று கேட்பாள். நான் அழுதுகொண்டு பதில் சொல்வேன். நீ மேசைக்குக் கீழே இருந்து என்னோடு சேர்ந்து அழுவாய். நீ பார்த்த முதல் நாடகம் அது, மகனே. அந்த நாடகத்தில் அழுதவன் உன் அப்பன் என்பதால் அது நாடகம் என்று உனக்குத் தெரியவில்லை. உனக்குச் சொல்லவும் நான் துணியவில்லை, உன் வாய் அப்போது ஓட்டைவாய்.

எனக்குப் பத்து வருடக் கார்ட் தர முடிவாகிவிட்டது. குணத்துக்கு அடுத்த தரமும் விழுந்தது. அதன் பிறகுதான் அவன் வேறு வழியில்லாமல், தம்பியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லிக் கேஸைத் திறந்தான். என்ன எழுதினான் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பதில் கடிதம் வந்தபோது என் பிரெஞ்சு அவனுடையதைவிடப் பரவாயில்லை என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். அதில் ஒரு வரி இருந்தது. இதே வரலாற்றை ஏற்கெனவே வேறொருவர் கூறியிருப்பதால் நம்புவதற்கில்லை என்று. நான் அந்த வரியைத் தாண்டி வாசித்தேன். “ஆதாரம் போதாதாம் குணம்” என்றேன். மூன்று நாள் கழித்து அவன் அதே கடிதத்தோடு குசினி வாசலில் வந்து நின்றான். யாரோ முழுதாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். “அண்ணை, அந்த வரியை ஏன் வாசிக்கேல்லை?” என்று கேட்டான். சத்தம் போடவில்லை. அது தன்னுடைய கதை என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். “கார்ட் கைக்கு வரட்டும் குணம், அதுக்குப் பிறகு பாப்பம்” என்றேன். அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அடுத்த நாள் நாங்கள் எழும்ப முன் போய்விட்டான். எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்தானே என்று நிம்மதிப்பட்டேன். எனக்கு நிம்மதி வேண்டியிருந்தது, கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டேன்.

திவசத்தையும் சொல்லிவிடுகிறேன். கேஸில் தம்பி செத்த திகதி என்று ஒன்று போட்டிருந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமை விசாரணைக்குக் கூப்பிடும்போது அந்தத் திகதி பிசகிவிடக் கூடாது என்ற பயத்தில், மறக்காமல் இருக்க அந்த நாளில் வருடாவருடம் படையல் செய்யத் தொடங்கினோம். அம்மா அன்று மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்க மாட்டாள். நீ பூ வைப்பாய். குடியுரிமை கிடைத்த பிறகும் நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் நீ முதல் நாளே “நாளைக்குச் சித்தப்பாவின்ரை நாள்” என்று வந்து நிற்பாய். உன் அத்தைமார் இருவரையும் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாயை மூட வைத்தேன். உயிரோடு இருக்கிறானோ என்று ஒருவன் காத்துக்கொண்டிருக்க, அவன் தம்பிக்கு நாங்கள் பூசணிக்காய்க் கறியும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்துச் சாவு கொண்டாடினோம். அதைத்தான் நீ மேடையில் சமைக்கிறாய். விமர்சகர்கள் அதைத்தான் அசல் பண்பாடு என்று எழுதுகிறார்கள்.

வளர வளர நீ எங்களுக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொன்னாய். நாங்கள் தமிழில் கேட்க நீ பிரெஞ்சில் சொல்ல, எங்கள் வீடு இரண்டு வானொலி ஒரே நேரத்தில் பாடுகிற மாதிரி இருந்தது. நாடகம் படிக்க மொன்றியல் போனாய். அங்கே ஒரு பெரிய இயக்குநர் தன்னுடையதல்லாத ஒரு சமூகத்தின் துயரத்தை, அவர்களில் ஒருவரையும் கேட்காமல் மேடையேற்றினார் என்று நீங்கள் எதிர்ப்பு எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றீர்கள். “அடுத்தவனின் கதையை எடுப்பது அவன் வீட்டுக்குள் புகுவது மாதிரி” என்று நீ வானொலியில் சொன்னதை எனக்கு அனுப்பினாய். என் மகன் நியாயம் பேசுகிறான் என்று பெருமைப்பட்டேன். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த நேரம் தோன்றவே இல்லை. மனிதன் தன் முதுகைப் பார்ப்பதில்லை.

பிறகு ஒரு ஞாயிறு நீ எடுத்துத் தமிழில் கேட்டாய். “அப்பா, சித்தப்பாவின்ரை கதையைத் திருப்பிச் சொல்லுங்கோ. எனக்கு எல்லாம் வேணும். நான் ஆர் எண்டு இஞ்சை எல்லாரும் கேக்கினம்.” பத்து வயதுக்குப் பிறகு நீ என்னிடம் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் நீ மறுபடி பிரெஞ்சுக்குப் போய்விடுவாய் என்று பயந்தேன். ஐந்து ஞாயிறு தொடர்ந்து சொன்னேன். நீ பதிவு செய்தாய். நீ கேட்கக் கேட்க நான் இன்னும் சேர்த்தேன். சவத்தைக் கையால் தூக்கினேன் என்பது நாலாவது ஞாயிறு வந்தது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல், மகன் கேட்கிறான் என்ற ஆனந்தத்தில் சொன்னேன். அந்தப் பொய்யை அத்திவாரமாகப் போட்டுத்தான் நீ தமிழனானாய். இதை எழுதும்போது எனக்கு எங்காவது போய் விழுந்துவிடலாம் போல இருக்கிறது.

கனடாவில் நாடகம் தொடங்குமுன், நிற்கிற நிலம் எந்தப் பூர்வகுடியினருடையது என்று சொல்லி வணங்குவார்களாம். நீ அதைச் சொல்லிவிட்டு, “இந்தக் கதை என் தந்தையுடையது, ஒவ்வொரு சொல்லும்” என்று சேர்க்கிறாய். காணொளியில் பார்த்தேன். நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்து பார்க்கவில்லை.

இந்தக் கிழமை முழுக்க உன் அம்மாவோடு சண்டை. முதலில் அவள் பேப்பரைப் பற்றித்தான் சொன்னாள். இந்த வயதில் பொய்க் கேஸ் என்று பிடித்தால் குடியுரிமை போகும் என்றாள். போகட்டும் என்றேன். அப்படிச் சொன்னாலும் அன்று முழுவதும் நான் தபால்பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு உன்னைச் சொன்னாள். “அவன் இவ்வளவு கஷ்டப்பட்டு மேலை வந்திட்டான். பெத்த தேப்பனே காலை வாரிவிடுறதோ?” அதற்கும் ஏதோ மறுமொழி சொன்னேன். மூன்றாவதாகக் குணத்தைச் சொன்னாள். “அந்த மனுசன் இவ்வளவு காலம் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, இண்டைக்கு எண்டாலும் அழுது முடிச்சிருக்கும். சோத்தைச் சாப்பிட்டிட்டுதாமே. அதைப் போய்த் திரும்பவும் காத்திருக்க வைக்கப் போறியளோ? அது புண்ணியமோ?” என்று கேட்டாள்.

நான் ஒரு கிழமையாக இதையே யோசிக்கிறேன். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். குணத்தின் தம்பி அன்றைக்கே செத்துப் போயிருக்கலாம், எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எனக்குத் தெரியாது. குணத்துக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி, அவன் தம்பியை நான் என் கார்ட்டுக்காக ஒரு தரம் கொன்றேன், உன் பாசத்துக்காக இன்னொரு தரம் கொன்றேன். அவன் தம்பியை அவன்தான் வழியனுப்ப வேண்டும், அவனுக்கு மனம் வருகிற நாளில். வராவிட்டால் வராமலே போகட்டும். அந்தச் சோற்றை அவன் என் வார்த்தையை நம்பிச் சாப்பிட்டான். என்னை ஒரு தரம் நம்பி அவன் பட்டது போதாதா?

உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற உண்மைக் கதை சின்னது. ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதினேன். ஒருநாள் வீதியில் சுற்றிவளைப்பு என்று கேட்டு, கடையைப் பூட்டாமல், உள்ளே நின்ற சனத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கத்தால் ஓடினேன். அவர்களுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. என்னை ஒருவரும் அடிக்கவில்லை, தேடவில்லை. ஓடத் தொடங்கியவன் இங்கே வந்துதான் நின்றேன். உன் அப்பன் இவ்வளவுதான். இதை வைத்து நாடகம் போட முடியாது என்று உனக்கே தெரியும். நான் யார், என் வேர் எங்கே என்று நீ அங்கே மேடைக்கு மேடை கேட்கிறாய். பயந்து ஓடின ஒருவனின் மகன் நீ. அதில் வெட்கம் எனக்குத்தான், உனக்கில்லை.

நாடகத்தை நிறுத்து என்று கேட்க எனக்கு வாய் இல்லை, நிறுத்தாதே என்று சொல்லவும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் குணம். அவன் வேண்டாம் என்றால் உன் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்துதான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை இங்கே தமிழ்ப் பத்திரிகையில் போடவும் எண்ணியிருக்கிறேன், பொன்னாடை வாங்கியவர்கள் யாருக்குப் போர்த்தப் போகிறார்கள் என்று அறிய வேண்டுமே. ஆனால் அதையும் அவனைக் கேட்காமல் செய்யப்போவதில்லை. அவன் தம்பியின் உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். இதில் எங்கும் நான் அதை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. கோபத்தில் போனை எடுத்து என்னைக் கூப்பிடுவாய் என்று தெரியும். கூப்பிடாதே. என்னைத் திட்ட உனக்கு மிச்சக் காலம் முழுக்க இருக்கிறது, நான் ஓடமாட்டேன். ரிக்கற்றுக்குக் குணம் நம்பர் தந்தானே, முதலில் அதை அடி. நேரம் பார்க்காதே, அவன் எடுப்பான். வேறு ஒன்றும் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அது என் வேலை. தமிழிலேயே சொல்: “மாமா, அப்பா சவத்தைக் காணேல்லை. ஒருத்தரும் காணேல்லை.”